தோற்க முடியாத குறிக்கோள்கள்: இன்ஜினியரிங் முதலாண்டு கணக்கும் அறிவியலும்

இன்ஜினியரிங் முதலாண்டு சிலபஸ் எதை எடுத்தாலும் முதல் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். "இந்தப் பாடத்தின் முடிவில் மாணவர்..." என்று ஆரம்பித்து ஐந்தாறு வரி. கோர்ஸ் அவுட்கம், சுருக்கமாக சி.ஓ. மாணவர்கள் அதைத் தாண்டி நேராக யூனிட் ஒன்றுக்குப் போய்விடுவார்கள். ஆசிரியர்களுக்கு அங்கீகாரக் குழு வரும்போதுதான் அதன் ஞாபகம் வரும். கொஞ்ச நாளாக நான் அந்தப் பெட்டியை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறேன். காரைக்காலில் மாலை நேரத்தில் முதலாண்டுப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் இதில் எனக்கு ஒரு சொந்த அக்கறை உண்டு. "சார், இதை எதுக்குப் படிக்கிறோம்?" என்று கேட்டால், பதில் அந்தப் பெட்டிக்குள்தானே இருக்க வேண்டும்?

படித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை குறிக்கோள்களே இல்லை. அத்தியாயத் தலைப்புக்குப் பின்னால் ஒரு வினைச்சொல்லை ஒட்டி வைத்திருக்கிறார்கள். "அணிகள்" என்பது யூனிட் தலைப்பு என்றால் "அணிகளைப் பயன்படுத்துவர்" என்பது சி.ஓ. "பூரியர் தொடர்" என்றால் "பூரியர் தொடரை அறிவர்". இது எந்த ஒரு கல்லூரியின் வாக்கியமும் இல்லை, எல்லா இடத்திலும் புழங்கும் அச்சு. இதில் என்ன கோளாறு என்றால், இப்படி ஒரு குறிக்கோளில் யாராலும் தோற்க முடியாது. தோற்க முடியாத குறிக்கோளில் ஜெயிக்கவும் முடியாது.

இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது

இந்த யோசனை கெட்டது இல்லை. 1956-ல் பெஞ்சமின் புளூமும் கூட்டாளிகளும் கல்விக் குறிக்கோள்களை வகைப்படுத்தி வெளியிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரித் தேர்வாளர்கள் தங்களுக்குள் கேள்விகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு பொது மொழி வேண்டும் என்றுதான் அந்த வேலை தொடங்கியது. அதாவது அது முதலில் கேள்வித்தாள் எழுதுகிறவர்களுக்கான கருவி. பிறகு 1962-ல் ராபர்ட் மேகர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். நல்ல குறிக்கோளுக்கு மூன்று பகுதி வேண்டும் என்றார்: மாணவர் செய்யும் செயல், அதை எந்த நிலைமையில் செய்ய வேண்டும், எவ்வளவு நன்றாகச் செய்தால் போதும்.

நம் ஊருக்கு இது அங்கீகாரம் வழியாக வந்தது. வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பினர் ஆனது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. "என்ன நடத்தினீர்கள்" என்பதை விட "மாணவர் என்ன கற்றார்" என்று காட்டு என்பது அதன் நிபந்தனை. அதனால் என்.பி.ஏ. அங்கீகாரம் வேண்டும் என்றால் சி.ஓ. எழுதியே ஆக வேண்டும்.

2018 ஜனவரியில் ஏ.ஐ.சி.டி.இ. இளநிலைப் பொறியியலுக்கு ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டது. மொத்தம் 160 கிரெடிட், அதில் அடிப்படை அறிவியலுக்கும் கணக்குக்கும் 25. மாதிரிதான், கட்டாயம் இல்லை. என்.ஐ.டி. போன்றவை தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும். ஆனால் நாடு முழுக்கக் கல்லூரிகள் இதைப் பார்த்துத்தான் சிலபஸ் எழுதுகின்றன. ஆகவே விமர்சிக்க இதுவே நியாயமான இடம்.

புளூமின் வினைச்சொற்கள் நமக்கு வந்து சேர்ந்தன. மேகரின் மற்ற இரண்டு பகுதிகளும், அதாவது நிலைமையும் அளவும், வழியில் எங்கேயோ இறங்கிவிட்டன.

ரோல் தேற்றத்தின் கதை

அந்த மாதிரிப் பாடத்திட்டத்தின் முதல் கணக்குத் தாளை எடுத்துக்கொள்வோம். நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் எதிர்காலப் பொறியாளருக்குப் பழக்கப்படுத்தப்படும், அது மேலும் உயர்ந்த கணக்குக்கும் அவரவர் துறைப் பயன்பாட்டுக்கும் உதவும் என்பது அதன் பொது நோக்கம். விளைவுகளின் பட்டியலில் ரோல் தேற்றத்தின் பின்விளைவுகளை மாணவர்கள் கற்பார்கள் என்று ஒரு வரி வரும். அடுத்த வரி, உயர் பொறியியல் கணக்குக்கான கருவியாக அடுக்குத் தொடரும் பூரியர் தொடரும்.

கணக்கு எதற்கு என்றால் அடுத்த கணக்குக்கு. அது எதற்கு என்றால் அதற்கும் அடுத்த கணக்குக்கு. அரிசி எதுக்கு வாங்கினே என்றால் பானையில் போட, பானை எதுக்கு என்றால் அரிசி போட என்கிற மாதிரி. சோறு எங்கே?

ரோல் தேற்றத்தையே பார்ப்போம். ஓர் அளவு தொடர்ச்சியாக, மூலை முடுக்கு இல்லாமல் மாறுகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் அதன் மதிப்பு ஒன்றே. அப்படியென்றால் நடுவில் ஏதாவது ஒரு கணத்தில் அதன் மாறும் வேகம் பூஜ்யம். அரசலாற்று முகத்துவாரத்தில் நீர்மட்டம் காலையில் இருந்த அதே அளவுக்கு மத்தியானம் திரும்ப வந்திருந்தால், இடையில் ஒரு கணம் தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

இப்போது வீட்டுக் கிணற்றுக்கு வாங்க. மோட்டார் ஓடுகிறது, மட்டம் இறங்குகிறது. மோட்டாரை நிறுத்தியதும் ஊற்று ஊறி மட்டம் ஏறத் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் முன்பு ஒரு தருணத்தில் இருந்த அதே மட்டம் வந்துவிடுகிறது. ரோல் சொன்ன அந்தப் பூஜ்ய வேகக் கணம் எங்கே? அப்படி ஒரு கணமே இல்லை. மோட்டார் நிற்கும் வரைக்கும் இறக்கம், நின்ற அடுத்த நொடியே ஏற்றம். அந்த இடத்தில் வரைபடத்துக்கு ஒரு கூர்மூலை இருக்கிறது, வகையிட முடியாது. தேற்றத்தின் நிபந்தனை உடைந்தது, அதனால் முடிவும் உடைந்தது.

"திறந்த இடைவெளியில் வகையிடத்தக்கது" என்ற அந்த அரை வரி எதற்காக நிற்கிறது என்பது இந்தக் கிணற்றில்தான் தெரிகிறது. தேர்வில் வருவதோ ஒரு பல்லுறுப்புக் கோவையைக் கொடுத்து "ரோல் தேற்றத்தைச் சரிபார்" என்ற கேள்வி. பல்லுறுப்புக் கோவை எங்கும் வகையிடத்தக்கது, அங்கே நிபந்தனை உடைய வாய்ப்பே கிடையாது. ஆக எப்போதும் சரியாக வரும் ஒன்றைச் சரிபார்க்கச் சொல்கிறோம். "பின்விளைவுகளைக் கற்பர்" என்ற குறிக்கோள் இந்தக் கேள்வியோடு திருப்தி அடைந்துவிடும். "தேற்றம் பொருந்தாத ஒரு நிகழ்வைச் சொல்லி, எந்த நிபந்தனை உடைந்தது என்று காட்டுவர்" என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வி போதாது. குறிக்கோளின் ஒரு வரி மாறினால் கேள்வித்தாள் மாறியாக வேண்டும். எனக்கு இதில் அக்கறை அதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ரோல் தேற்றம் உண்டு. என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பில் அந்தப் பகுதி சுமைக் குறைப்பில் போய்விட்டது. புதுச்சேரி அரசுப் பள்ளிகளோ, காரைக்காலையும் சேர்த்துத்தான், 2023-24 முதல் படிப்படியாக சி.பி.எஸ்.இ.-க்கு மாறின. ஆக ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பேரில், நாகப்பட்டினத்திலிருந்து வரும் பிள்ளைக்கு இது பழைய பாடம். காரைக்கால் அரசுப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு முதல் சந்திப்பு. குறிக்கோள் என்பது போய்ச் சேரும் இடம். எங்கிருந்து புறப்படுகிறோம் என்று கேட்காமல் அதை எழுதினால், பாதிப் பேருக்கு அலுப்பு, மீதிப் பேருக்கு அரியர்.

வேதியியல் லேபில் ஒரு நல்ல வரி

குறை மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. அதே ஆவணத்தின் வேதியியல் ஆய்வகப் பகுதி எனக்குப் பிடித்திருக்கிறது. பரப்பு இழுவிசை, பாகுநிலை, தண்ணீரில் உள்ள குளோரைடு போன்றவற்றை மாணவர்கள் அளப்பார்கள் என்று அங்கே இருக்கிறது. அளக்கத் தெரிந்ததா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். இதில் தோற்க முடியும்.

காரைக்காலில் குளோரைடு என்பது வெறும் சிலபஸ் விஷயம் இல்லை. காவிரியின் கடைமடை இது. கடலோரத் தெருக்களில் அடிபம்புத் தண்ணீர் உப்புக்கரிக்கும் என்று எந்தப் பாட்டியும் சொல்வார். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், 2012-ன் ஐ.எஸ். 10500, குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 1000 வரை. கடல் நீரிலோ லிட்டருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம். இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிகிராம் குளோரைடு உள்ள நல்ல தண்ணீரோடு கடல் நீர் கலக்கிறது என்று வைத்துக்கொண்டால், 100 குடத்தில் ஒரே ஒரு குடம் கடல் நீர் போதும், 250-ஐ நெருங்கிவிடும். ஐந்து குடம் என்றால் 1000. ஒரு நேர்கோட்டுச் சமன்பாடுதான். கணக்கு வகுப்பும் வேதியியல் வகுப்பும் சந்திக்கிற இடம் இது. ஆனால் இரண்டின் சி.ஓ. பெட்டிகளும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை.

இயற்பியலும் இங்கே வந்து சேரும். நல்ல தண்ணீரின் அடர்த்தி 1000 என்றால் கடல் நீருடையது ஏறக்குறைய 1025. கடலோர நிலத்தடியில் நன்னீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. அழுத்தச் சமநிலைப்படி போட்டால் 1000-ஐ 25-ஆல் வகுக்க வேண்டும், விடை 40. கடல் மட்டத்துக்கு மேல் நிற்கும் நன்னீர் ஒரு மீட்டர் குறைந்தால் கீழே உப்பு எல்லை 40 மீட்டர் மேலே வரும் என்பது இந்த எளிய கணக்கு. உண்மை நிலம் இவ்வளவு எளிமையாக நடந்துகொள்ளாது. ஆனால் "போர் போட்டா என்னங்க ஆயிடும்?" என்பவருக்குப் பதில் சொல்ல முதலாண்டு இயற்பியல் போதும்.

நடைமுறையில் நடப்பது என்ன? நான் பார்த்த ரெக்கார்டு நோட்டுகளில் "மாதிரி நீர்" என்று மட்டும் இருக்கும். எந்த ஊர், எந்தக் கிணறு, எந்தத் தேதி என்று இருக்காது, ஏனென்றால் அது லேபிலேயே உப்பைக் கரைத்துத் தயாரித்த தண்ணீர். பியூரெட்டில் வெள்ளி நைட்ரேட், குடுவையில் சொட்டுப் பொட்டாசியம் குரோமேட், செங்கல் நிறம் நிலைத்ததும் அளவைக் குறி. விடை ஏற்கெனவே ஆசிரியரிடம் இருக்கிறது, அதோடு ஒத்துப்போனால் மார்க். அளப்பது என்றால் தெரியாததை அறிவது. இங்கே மாணவர் அளக்கவில்லை, ஆசிரியரின் எண்ணை ஊகிக்கிறார்.

அதனால் இந்த நல்ல வரிக்கும் மேகரின் மீதி இரண்டு பகுதியும் வேண்டும். "தான் எடுத்து வந்த தண்ணீரில் குளோரைடை மூன்று முறை அளந்து, விடையில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று சொல்லி, அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பதற்குக் காரணத்தோடு பதில் தருவர்." 248 வந்தால் என்ன சொல்வாய் என்பதுதான் உண்மையான வைவா கேள்வி. 250-க்குள் இருக்கிறது, சரி. ஆனால் உன் பிழை 10 என்றால்?

சூத்திரமும் அதன் எல்லையும்

2004 டிசம்பர் 26 காலை ஆறரைக்குச் சற்று முன் சுமத்ராவை ஒட்டிக் கடலடியில் நிலம் நடுங்கியது. ஒன்பது மணியை ஒட்டி அலை நம் கரைக்கு வந்தது. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு எல்லாம் அதைப் பார்த்த ஊர்கள். இப்போது முதலாண்டில் சேர்கிறவர்கள் அதற்குப் பின் பிறந்தவர்கள்.

அந்த இரண்டரை மணி நேரத்தை ஒரு சூத்திரம் விளக்குகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தையும் கடலின் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம். 3000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறக்குறைய 617 கிலோமீட்டர், 10 மீட்டர் ஆழத்தில் வெறும் 36. நடுக்கடலில் விமான வேகம், கரையில் சைக்கிளை விடக் கொஞ்சம் வேகம். வேகம் குறையக் குறைய அலை உயர்கிறது.

ஆனால் இதே சூத்திரத்தை நடுக்கடலில் காற்று கிளப்பும் 50 மீட்டர் நீள அலைக்குப் போட்டால்? அதுவும் 617 என்றே வரும். அப்படி இருந்தால் எந்த மீனவரும் கடலுக்குப் போக முடியாது. உண்மையில் அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித்தான். அலையின் நீளம் ஆழத்தை விட மிக அதிகமாக இருந்தால் மட்டுமே முதல் சூத்திரம் செல்லும். "அலைச் சமன்பாட்டை வருவிப்பர்" என்ற குறிக்கோளால் இந்த இரண்டு அலையையும் பிரித்துப் பார்க்க முடியாது. "ஒரு சூத்திரம் எங்கே பொய் சொல்லும் என்று சொல்வர்" என்ற குறிக்கோளால் முடியும். பொறியாளர் வேலையில் ஆபத்து வருவது சூத்திரம் தெரியாததால் மட்டும் இல்லை. பொருந்தாத இடத்தில் தைரியமாகப் போடுவதாலும் வரும்.

2.17 என்ற எண்

குறிக்கோள் சரியில்லை என்று எப்படித் தெரியாமலே போகிறது? அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு சி.ஓ.-வையும் நீண்ட காலம் 12 ஆக இருந்த பி.ஓ.-க்களோடு, அதாவது பட்டப்படிப்பின் ஒட்டுமொத்த விளைவுகளோடு, ஓர் அட்டவணையில் பொருத்துவார்கள். தொடர்பு குறைவு என்றால் 1, நடுத்தரம் 2, அதிகம் 3. பிறகு இத்தனை சதவீதம் மாணவர்கள் இத்தனை மார்க்குக்கு மேல் எடுத்தால் "எட்டியாயிற்று". கடைசியில் சராசரி போட்டு 2.17 மாதிரி ஓர் எண் வரும்.

முதலாண்டுக் கணக்கு நடத்துகிற துறைதான் இதற்கு முதலில் ஆட்சேபம் சொல்லியிருக்க வேண்டும். 1, 2, 3 இங்கே வரிசைப் பெயர்கள். சின்னது, நடுத்தரம், பெரியது என்கிற மாதிரி. இரண்டு சின்னச் சட்டையும் ஒரு பெரிய சட்டையும் சேர்த்து சராசரி 1.67 அளவுச் சட்டை என்று யாராவது சொன்னால் சிரிப்போம். இங்கே கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைக்கிறோம். "பிழை எவ்வளவு?" என்று லேபில் மாணவரைக் கேட்கிற நாம், நம் எண்ணைப் பற்றி அதைக் கேட்பதில்லை.

எதிர்வாதங்கள்

மூன்று எதிர்வாதம் நியாயமானவை.

ஒன்று, அடிப்படைப் பாடம் பொதுவாகத்தான் இருக்க வேண்டும், காரைக்கால் கிணற்றுக்கு என்று எழுதினால் குறுகிப்போகும் என்பது. நான் கிணற்றைப் பாடமாக்கச் சொல்லவில்லை. நிபந்தனை உடைவதைக் காட்டு என்பதுதான் குறிக்கோள். திருவேட்டக்குடி என்.ஐ.டி.-யில் கிணறு, நெய்வேலியில் சுரங்கத்து நீர், கோவையில் மில் மோட்டார், எதிலும் காட்டலாம்.

இரண்டு, எல்லாவற்றையும் முன்கூட்டியே குறிக்கோளாக எழுதிவிட்டால் வகுப்பில் எதிர்பாராமல் நடப்பதற்கு இடம் எங்கே என்பது. எலியட் ஐஸ்னர் 1967-லேயே இதைக் கேட்டார். ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் ஒரு பாடத்துக்கு மூன்று குறிக்கோள் போதும் என்கிறேன், ஆறு வேண்டாம். மீதி நேரம் ஆசிரியருடையது.

மூன்று, நேரம். அறுபது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவர் கொண்டுவரும் தண்ணீரையும் யார் பார்ப்பது? இதுதான் கனமானது. ஆனால் அட்டவணை நிரப்பவும் சராசரி போடவும் போகும் மணி நேரங்கள் அதே ஆசிரியருடையவைதான். அதில் பாதி லேபுக்குத் திரும்பினால் பத்து பேர் கொண்ட ஆறு குழு, ஆறு கிணறு, ஒரு தெருவின் வரைபடம் என்று முடித்துவிடலாம்.

ஒரு பயிற்சி

கடைசியாக, எந்தத் துறையின் முதலாண்டு மாணவரும் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கும் ஒன்று. காவிரித் தீர்ப்பில் புதுச்சேரியின் பங்கு 7 டி.எம்.சி., அது காரைக்காலுக்குத்தான் வருகிறது. இந்த எண்ணை ஒவ்வொரு ஆண்டும் செய்தியில் பார்க்கிறோம். அது எவ்வளவு தண்ணீர்? ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, ஏறக்குறைய 2.83 கோடி கன மீட்டர். ஏழுக்கு 19.8 கோடி. காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர், அதாவது 16 கோடி சதுர மீட்டர். வகுத்தால் 1.2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மாவட்டம் முழுக்கப் பரப்பினால் இடுப்பளவு தண்ணீர், ஓர் ஆண்டுக்கு.

அது போதுமா, எப்போது வர வேண்டும், எவ்வளவு ஆவியாகும், எவ்வளவு கடலுக்குப் போகும்: இந்தக் கேள்விகள் எல்லாம் அந்த 1.2-க்குப் பிறகுதான் தொடங்குகின்றன. இதற்குப் பெருக்கலும் வகுத்தலும் அலகு மாற்றமும் போதும். ஆனாலும் அரியர் இல்லாமல் எம்-1, எம்-2 இரண்டையும் முடித்த பிள்ளைகள் இந்தக் கணக்கில் தயங்கி நிற்பதைப் பார்க்கிறேன். யாரும் அவர்களிடம் ஒரு செய்தி எண்ணைக் கொடுத்து "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டதில்லை. சி.ஓ. பெட்டியில் அது இல்லை, அதனால் கேள்வித்தாளில் இல்லை, அதனால் வகுப்பில் இல்லை.

உங்கள் சிலபஸ் கையில் இருந்தால் முதல் பக்கத்தைத் திறந்து ஒரு வரியை மட்டும் எடுங்கள். இதில் ஒருவர் எப்படித் தோற்பார் என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் அந்த வரியை எழுதியவர் யோசித்து எழுதியிருக்கிறார். கிடைக்கவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிட்டு, நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ஆசிரியராக இருந்தால் அடுத்த செமஸ்டருக்கு அதை வைத்து ஒரே ஒரு கேள்வி போதும்.